முயல் தூங்கவில்லை

நடுவர் அவர்களே, எதிரணிப் பேச்சாளர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

‘விளையாட்டு வரலாற்றின் பேரதிர்ச்சிகளுக்குக் காரணம் தோற்றவரின் அலட்சியமா, வென்றவரின் ஆயத்தமா?’ என்ற தலைப்பில், வென்றவரின் ஆயத்தமே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் முயல் ஆமைக் கதையை எடுத்துக்கொண்டு, முயல் தூங்காமல் இருந்திருந்தால் ஆமையை யார் பேசியிருப்பார்கள் என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். அதோடு நிற்காமல், 1983ஆம் ஆண்டு இந்தியா உலகக் கோப்பையை வென்றதும் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் என்று முடித்தார். அந்தச் சொல் என்னை உண்மையாகவே வருத்தியது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முந்தைய இரண்டு உலகக் கோப்பைகளிலும் சேர்த்து இந்தியா வென்றது ஒரே ஓர் ஆட்டம், அதுவும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு எதிராக. மேற்கிந்தியத் தீவுகளோ அந்த இரண்டு கோப்பைகளையும் கையில் வைத்திருந்த அணி. இந்தியா வெல்லும் வாய்ப்பைப் பந்தயக்காரர்கள் 66-க்கு 1 என்று வைத்ததில் வியப்பில்லை. ஆனால் அவர்கள் பார்க்கத் தவறிய ஒன்று உண்டு. அதே ஆண்டு மார்ச் 29 அன்று கயானாவின் பெர்பிஸ் மைதானத்தில் இந்தியா 282 ரன் குவித்து, மேற்கிந்தியத் தீவுகளை அவர்கள் மண்ணிலேயே 27 ரன் வித்தியாசத்தில் வென்றிருந்தது. கவாஸ்கர் 90, கபில் தேவ் 38 பந்துகளில் 72. பிறகு ஜூன் மாதம், உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே, ஓல்டு டிராஃபோர்டில் யஷ்பால் சர்மாவின் 89 ரன் துணையோடு மறுபடியும் வென்றது. உலகக் கோப்பையில் அதுவரை தோல்வியே காணாத அணிக்கு அதுதான் முதல் தோல்வி. இடையிலும் பின்னரும் இந்தியா அவர்களிடம் தோற்றதை நான் மறைக்க மாட்டேன். இறுதிப் போட்டிக்கு முன் அந்த ஆண்டில் இவ்விரு அணிகளும் ஐந்து ஒருநாள் ஆட்டங்களில் மோதின. அவற்றில் இரண்டு இந்தியாவுக்கு. ஐந்துக்கு இரண்டு முறை விழுந்த பழத்தைக் காக்கையின் கணக்கில் எழுதுவது எந்த ஊர் நியாயம்?

ஜூன் 25, லார்ட்ஸ் மைதானம், இறுதிப் போட்டி. மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்து வீச்சாளர்கள் ராபர்ட்ஸ், கார்னர், மார்ஷல், ஹோல்டிங் என்று நான்கு பக்கமும் நெருப்பு. நம் சென்னையின் ஸ்ரீகாந்த் எடுத்த 38 ரன்தான் அன்றைய ஆட்டத்திலேயே ஒருவரின் அதிகபட்ச எண்ணிக்கை. இந்தியா 161 ரன்னில் ஒன்பதாவது விக்கெட்டை இழந்தபோது களத்தில் இருந்தவர்கள் விக்கெட் காப்பாளர் கிர்மானியும் பந்துவீச்சாளர் பல்விந்தர் சந்துவும். மார்ஷல் வீசிய பவுன்சர் சந்துவின் தலைக்கவசத்தில் வந்து மோதியது. கடைசி வரிசை ஆட்டக்காரர் ஒருவர் அந்த அடியோடு மட்டையைக் கீழே போட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சந்து நின்றார். இருவரும் சேர்த்த 22 ரன்னும் எதிரணி நண்பரின் கணக்கில் எங்கே வருகிறது? யாருடைய அலட்சியம் அந்த 22 ரன்?

அதே சந்துதான் பந்தைக் கையில் எடுத்தார். வெளியே போகும் பந்து என்று எண்ணி மேற்கிந்தியத் தீவுகளின் தொடக்க ஆட்டக்காரர் கிரீனிட்ஜ் மட்டையை உயர்த்தி விட்டுவிட, பந்து உள்ளே திரும்பி ஸ்டம்பைப் பெயர்த்தது. இதோ அலட்சியம் என்று எதிரணி துள்ளி எழும். இல்லை ஐயா, வெளியே போவதுபோல் காட்டி உள்ளே கொண்டுவருவது ஒரு வித்தை. கிரீனிட்ஜின் கண்ணை ஏமாற்றியது சந்துவின் கை.

அடுத்து ரிச்சர்ட்ஸ். 28 பந்துகளில் 33 ரன், அதில் ஏழு பவுண்டரிகள். தூங்குகிற முயல் இப்படியா ஓடும்? அவரிடம் அடி வாங்கிய மதன் லால்தான் கபிலிடம் இன்னும் ஓர் ஓவர் கேட்டு வாங்கினார். ரிச்சர்ட்ஸ் தூக்கி அடித்த பந்து வானத்தில் ஏற, கபில் அதற்கு முதுகைக் காட்டியபடி எல்லைக் கோட்டை நோக்கி ஓடி, தோளுக்கு மேல் வந்து இறங்கிய பந்தை விரல்களில் ஏந்தினார். அந்தப் பிடியை நான் இதுவரை எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. இன்றும் பார்க்கும்போதெல்லாம் பந்து நழுவிவிடுமோ என்று நெஞ்சு ஒரு கணம் நின்று போகிறது. அதன் பிறகும் அவர்கள் ஓயவில்லை. துஜோனும் மார்ஷலும் ஏழாவது விக்கெட்டுக்கு 43 ரன் சேர்த்தார்கள். மொகிந்தர் அமர்நாத் வந்துதான் அந்த இணையைப் பிரித்தார். 140 ரன்னில் மேற்கிந்தியத் தீவுகளின் ஆட்டம் முடிந்தது. கோப்பை இந்தியாவுக்கு.

இனி கால்பந்து. 1950ஆம் ஆண்டு ஜூலை 16, ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கு. உலகக் கோப்பையின் முடிவை நிர்ணயிக்கும் பிரேசில், உருகுவே ஆட்டம். சமன் செய்தாலே கோப்பை பிரேசிலுக்கு. இரண்டாம் பாதி தொடங்கியதும் பிரேசிலின் ஃபிரியாசா கோல் அடிக்க, ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரின் ஆரவாரத்தில் அரங்கு அதிர்ந்தது. அப்போது உருகுவே அணித்தலைவர் ஆப்டுலியோ வரேலா வலைக்குள் கிடந்த பந்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அவசரமே இல்லாமல் நடந்து போய், அது ஆஃப்சைடு, அதாவது எதிரணியின் தற்காப்பு வரிசையைத் தாண்டி நின்று பந்தை வாங்கிய பிழை, என்று ஆட்ட நடுவரிடம் வழக்காடினார். கோல் திரும்பப் பெறப்படாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. அவர் விரும்பியது அந்த ஆரவாரம் ஆறிப்போக வேண்டும் என்பதே. ஆறியது. பின்னர் உருகுவேக்கு ஷியாஃபினோ ஒரு கோல், ஆட்டம் முடியப் பதினொரு நிமிடம் இருக்கையில் கிஜியா ஒன்று. கோப்பை உருகுவேக்கு. பிரேசில் பத்திரிகைகள் முன்கூட்டியே வெற்றியைக் கொண்டாடியது உண்மை. ஆனால் களத்தில் இருந்த பதினொரு பேர் தூங்கினார்கள் என்பதற்குச் சான்று எங்கே? அதே ஆண்டு மே மாதத்தில் இதே பிரேசிலை உருகுவே 4-3 என்று வென்றிருந்ததும் பதிவில் இருக்கிறது.

2022ஆம் ஆண்டு கத்தாரில் நடந்த கால்பந்து உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவை சவுதி அரேபியா 2-1 என்று வென்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 36 ஆட்டங்களாகத் தோல்வி அறியாத அணி அர்ஜென்டினா. சவுதியின் பயிற்சியாளர் எர்வே ரெனார் தம் தற்காப்பு வரிசையைக் கோல் கம்பத்தருகே பதுங்கவிடாமல் நடுக்கோட்டை நோக்கி முன்னேற்றி நிறுத்தினார். ஒருவர் ஓர் அடி பின்தங்கினாலும் மெஸ்ஸிக்கு வாசல் திறந்துவிடும். அத்தனை ஆபத்தான ஏற்பாடு அது. முதல் பாதியில் மட்டும் அர்ஜென்டினா அடித்த மூன்று கோல்கள் ஆஃப்சைடு என்று செல்லாமல் போயின. நால்வர் ஒரே மூச்சில் ஒரே கோட்டில் நகர்வது ஒரு நாளில் வரும் பழக்கமா, நடுவர் அவர்களே?

எதிரணியின் வலுவான சான்று குத்துச்சண்டை உலக சாம்பியனாக இருந்த மைக் டைசன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1990 பிப்ரவரியில் டோக்கியோவுக்கு அவர் சரியான பயிற்சி இல்லாமல் வந்தார். வீங்கிய கண்ணுக்கு ஒற்றடம் கொடுக்கத் தக்க கருவிகூட அவர் தரப்பில் இல்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எட்டாவது சுற்றின் முடிவில் டைசனின் குத்து ஒன்று அவரை எதிர்த்து ஆடிய பஸ்டர் டக்ளஸின் தாடையைத் தாக்கியது. அது பயிற்சி குறைந்தவரின் குத்து அன்று. அதுவரை 37 பேரை வென்ற கையின் குத்து. டக்ளஸ் மல்லாந்து விழுந்தார். மூன்று வாரங்களுக்குச் சற்று முன்புதான் தாயைப் பறிகொடுத்தவர் அவர். விழுந்த கோபத்தில் தரையை ஒரு முறை குத்தினார். பத்து எண்ணுவதற்குள் எழாவிட்டால் தோல்வி. எண்ணிக்கை ஒன்பதை எட்டும்போது எழுந்து நின்றார். பத்தாவது சுற்றில் டைசனை வீழ்த்தினார்.

தரையில் கிடந்த அந்த ஒன்பது எண்ணிக்கையில் டைசன் செய்வதற்கு எதுவும் இல்லை. அவர் ஒதுங்கி நின்றிருந்தார். அப்போது டக்ளஸை எழுப்பியது யாருடைய அலட்சியம் என்பதை எதிரணி சொல்லட்டும். தீர்ப்பைத் தங்களிடம் விட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.