குதிரைக்குக் கருத்தடை

நேயர்களுக்கு வணக்கம். எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். காட்டுக்குதிரைகளுக்குக் கருத்தடை என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி சார், குதிரைதானே?" என்று இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்கள். குதிரையேதான்.

கதை அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் தொடங்குகிறது. 1950ஆம் ஆண்டு வெல்மா ஜான்ஸ்டன் என்ற பெண் வேலைக்குப் போகும் வழியில், முன்னால் போன லாரியிலிருந்து ரத்தம் ஒழுகுவதைப் பார்த்தார். பின்னாலேயே போய்ப் பார்த்தால், உள்ளே கசாப்புக்குப் போகும் காட்டுக்குதிரைகள். அன்றைக்கு ஆரம்பித்த போராட்டம் இருபது வருஷத்துக்கு மேல் நீண்டது. பள்ளிப் பிள்ளைகள் மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதினார்கள். 1959இல் ஒரு சட்டம் வந்தது. 1971இல் இன்னும் வலுவான சட்டம் வந்து, அரசு நிலத்தில் திரியும் குதிரைகளையும் கழுதைகளையும் பாதுகாக்கப்பட்ட விலங்குகள் ஆக்கியது.

பாதுகாத்தார்கள். குதிரைகள் பெருகின. சில இடங்களில் மலைச்சிங்கம் குட்டிகளைத் தூக்கும். மற்றபடி பெரிதாக எதிரி கிடையாது. மந்தை வருஷத்துக்கு 15 முதல் 20 சதவீதம் வளர்கிறது, அதாவது நான்கைந்து வருஷத்தில் இரட்டிப்பு. வறண்ட அந்த நிலம் தாங்கக்கூடியது சுமார் 26,000 விலங்குகள் என்பது அந்த நாட்டின் நில நிர்வாகப் பணியகத்தின் கணக்கு. 2020இல் அங்கே இருந்தவை ஏறக்குறைய 95,000.

என்ன செய்தார்கள்? ஹெலிகாப்டரில் விரட்டி, பட்டியில் அடைத்து, வளர்க்க விரும்புகிறவர்களுக்குக் கொடுத்தார்கள். கேட்டு வருகிறவர்கள் குறைவு. மிச்சமானவற்றுக்கு அரசே ஆயுசு முழுக்கத் தீனி போடுகிறது. அப்படி அடைபட்டவை மட்டும் அண்மை ஆண்டுகளில் 60,000க்கு மேல். திட்டத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்தத் தீனிக்கே போய்விடுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், பாதியைப் பிடித்துக்கொண்டு போனால் மிச்சப் பாதிக்குப் புல் தாராளம். வயிறு நிறைந்த பெண் குதிரை நன்றாகச் சினை பிடிக்கும். குதிரைகளைப் பிடித்துக்கொண்டு போவதே பெருக்கத்தைத் தூண்டுகிறது என்று 2013இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கை நேராகவே சொன்னது.

அப்படியானால் பிறப்பைக் குறைக்க வேண்டியதுதானே? 1970களிலேயே ஜே கிர்க்பாட்ரிக், ஜான் டர்னர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதில் இறங்கினார்கள். முதலில் ஆண் குதிரைக்கு ஹார்மோன் ஊசி. மருந்து வேலை செய்தது, ஆனால் ஓடுகிற ஆண் குதிரையை மயக்கிப் படுக்க வைத்து ஊசி போடுவது சாமானிய வேலையா? காயடித்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். பத்தில் ஒன்பதைக் காயடித்தாலும், விட்டுப்போன அந்த ஒன்று எல்லாப் பெண் குதிரைகளையும் சினையாக்கிவிடும். கணக்கு பெண்ணிடம்தான் இருக்கிறது.

அங்கேதான் பன்றி வருகிறது. கால்நடை மருத்துவர் இர்வின் லியூவுடன் சேர்ந்து அவர்கள் எடுத்துக்கொண்டது பிஇசட்பி என்ற தடுப்பூசி. இறைச்சிக்கூடத்துப் பன்றிகளின் சினைப்பையிலிருந்து, முட்டையைச் சுற்றியுள்ள மெல்லிய உறையின் புரதத்தைப் பிரித்தெடுப்பார்கள். அதைப் பெண் குதிரைக்குச் செலுத்தினால், உடல் அதை அந்நியப் பொருள் என்று நினைத்து எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும். குதிரையின் முட்டையிலும் கிட்டத்தட்ட அதே புரதம் இருப்பதால், எதிர்ப்புப் பொருள் அங்கேயும் போய்த் துண்டு போட்டு இடம் பிடித்துக்கொள்கிறது. விந்தணு வந்தால் ஒட்ட இடமில்லை. ஏற்கெனவே வயிற்றில் இருக்கும் குட்டிக்கு ஒன்றும் ஆகாது. முதலில் ஓர் ஊசி, சில வாரம் கழித்து இரண்டாவது, அப்புறம் வருஷத்துக்கு ஒன்று. இன்னொரு வேடிக்கை: 2012இல் இது அமெரிக்காவில் பதிவானது பூச்சிக்கொல்லிகளுக்கான சட்டத்தின் கீழ்!

முதல் களம் மேரிலாந்து மாநிலத்தின் அசட்டீக் தீவு. 1988இல் சோதனை, 1994 முதல் முழுத் திட்டம். அங்கே ஒவ்வொரு குதிரையையும் நிறத்தையும் நெற்றி வெள்ளையையும் வைத்து அடையாளம் தெரியும். மனிதர்களைக் கண்டு பழகிய குதிரைகள் என்பதால் நாற்பது மீட்டர் வரை போய் ஊசித் துப்பாக்கியால் சுடலாம். மந்தை 175 வரை ஏறி, பிறகு நூறுக்குக் கீழ் இறங்கியது. இறங்கப் பத்து வருஷத்துக்கு மேல் பிடித்தது. ஏன் இவ்வளவு தாமதம்? குட்டி ஈன்று, பால் கொடுத்து, மறுபடியும் சினையாகித் தேய்ந்துபோகும் பெண் குதிரை அந்தத் தீவில் சராசரியாக ஆறேழு வயதில் செத்துப்போகும். தொடர்ந்து ஊசி போட்டவையோ இருபது வயதைத் தொட்டன. பிறப்பைக் குறைக்கப் போட்ட ஊசி ஆயுசை நீட்டிவிட்டது. ஒரு கால்நடை மருத்துவனாக எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த பகுதி இதுதான்.

சரி, தீவில் நடந்தது நெவாடாவில் நடக்குமா? அங்கே பல மந்தைகள் மனிதத் தலையைத் தூரத்தில் கண்டாலே பறந்துவிடும். அவற்றுக்கு வருஷா வருஷம் ஊசி போட முடியாது. அங்கேதான் கைகொடுக்கிறது கோனாகான் என்ற இன்னொரு ஊசி. அது முட்டையை விட்டுவிட்டு, பருவத்துக்கு வரச் செய்யும் மூளை ஹார்மோனைத் தடுக்கிறது. வடக்கு டகோட்டாவில் தியடோர் ரூஸ்வெல்ட் தேசியப் பூங்காவில் 2009இல் முதல் ஊசி, 2013இல் இரண்டாவது. முதலாவது சுமாராகத்தான் பலித்தது. இரண்டாவதோ பல வருஷம் தாங்கியது. குதிரையின் இயல்பையே இது மாற்றுகிறது என்று ஆட்சேபம் சொல்கிறார்கள். பிஇசட்பி மட்டும் சும்மா விட்டதா என்ன? சினை பிடிக்காத பெண் குதிரை இனப்பெருக்கக் காலத்தில் சுமார் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும். வட கரோலினாவின் ஷாக்கிள்ஃபோர்ட் தீவில் அப்படிப்பட்டவை குழு விட்டுக் குழு தாவுவதைக் கண்டிருக்கிறார்கள். எட்டாத மந்தைக்கு கோனாகானே மேல் என்பது என் கட்சி.

ஊசியை வைத்து இரண்டு தரப்பு மோதிக்கொள்கிறது. ஊசியே போதும், பிடிக்கவே வேண்டாம் என்பது ஒரு பக்கம். இருபது வருஷம் வாழக்கூடிய 95,000 விலங்குகளை எந்த ஊசியும் 26,000 ஆக்கிவிடாது. ஊசியால் ஆகாது என்பது மறுபக்கம். எத்தனை பெண் குதிரைகளுக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இதைச் சொல்கிறார்கள்? பல காலம் அந்தப் பெரிய பட்ஜெட்டில் இதற்குக் கிடைத்தது வெறும் சில்லறை. நெவாடாவிலேயே வர்ஜீனியா மலைத்தொடரில் சுமார் 3,000 குதிரைகளுக்கு நடுவே 2019 முதல் தன்னார்வலர்கள் துப்பாக்கியும் குறிப்பேடுமாக அலைந்து குட்டிகளின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். மருந்து மலிவு. இந்தப் பெண் குதிரைக்குப் போன வருஷம் போட்டோமா, இல்லையா என்று தெரிந்து வைத்திருக்கும் ஆள்தான் அரிது.

அசட்டீக்கில் எண்ணிக்கை இலக்குக்கு இறங்கியதும் ஊசியை நிறுத்தினார்கள், மறுபடியும் குட்டிகள் வரட்டும் என்று. ஊசியை நிறுத்தியதும் குட்டிகள் வந்துவிடவில்லை. வருஷக்கணக்கில் ஊசி வாங்கிய பெண் குதிரைகள் திரும்பச் சினையாக நாளாகும். குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, எது எப்போது ஈனும் என்று காத்திருக்க வேண்டியதாயிற்று.

வணக்கம்.