பெண் கேட்கப் போன ஆயர்

அவையோருக்கு வணக்கம்.

10-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் கிரெமோனா நகரத்தில் கிறிஸ்தவ ஆயராக இருந்த லியுட்பிராண்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தூது அவர் குடும்பத்துக்குப் புதிதல்ல. தந்தையும் மாற்றாந்தந்தையும் கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டினோபிளுக்குத் தூது போய் வந்தவர்கள்.

949-இல், ஆயராவதற்கு முன்பே, அவரும் போனார். அனுப்பியவர் பெரங்கார் என்ற இத்தாலியப் பிரபு; மகா கஞ்சர். வெறுங்கடிதத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார். மற்ற நாட்டுத் தூதர்கள் பரிசுகளை அடுக்குகிறார்கள். நம்மவர் என்ன செய்வார்? பேரரசருக்குத் தாம் கொண்டுபோயிருந்த கவசங்களையும் கேடயங்களையும் பெரங்கார் அனுப்பியதாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார். அரியணை அருகே பொன்பூச்சுச் சிங்கங்கள் கர்ஜித்தன, மரத்தில் உலோகப் பறவைகள் பாடின, பேரரசரின் ஆசனமே கூரைவரை உயர்ந்தது. நம்மவர் அசரவில்லை. முன்பே விசாரித்து வைத்திருந்தாராம்!

பின்னர் பெரங்காரோடு பகை. ஜெர்மானிய மன்னர் ஓட்டோவிடம் சேர்ந்தார். ஆயர் பதவி கிடைத்தது. 962-இல் ஓட்டோ ரோமில் பேரரசராக முடிசூடினார். சிக்கல் இங்கேதான். ரோமப் பேரரசர் என்றால் நாங்கள்தான் என்பது கான்ஸ்டான்டினோபிளின் உறுதியான எண்ணம்.

968-இல் ஓட்டோ தம் மகனுக்கு அங்கிருந்து இளவரசி கேட்கத் தீர்மானித்தார். எப்போது? அவர்கள் வசமிருந்த பாரி நகரத்தைத் தம் படை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பிய கையோடு! வாளை உறையில் போடாமலே பெண் கேட்கிறார். அந்தத் தூதுக்கு அகப்பட்டவர் நம் ஆயர்.

ஜூன் 4-ஆம் தேதி போய்ச் சேர்ந்தார். தங்கக் கொடுத்தது கூரை சரியில்லாத பளிங்கு மாளிகை. வெயிலும் உள்ளே, மழையும் உள்ளே. திராட்சை மதுவில் பிசின் கலந்திருந்ததால் குடிக்க முடியவில்லை. விருந்தில் பல்கேரியத் தூதருக்குக் கீழே இருக்கை. பேரரசர் நிக்கெபோரோஸ் அவரை உளவாளி என்று வெளிப்படையாகவே சொன்னார். பெண் வேண்டுமா? ரவென்னாவையும் ரோமையும் கொடுங்கள் என்றார்கள். போதாக்குறைக்குப் போப்பிடமிருந்து ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. அதில் நிக்கெபோரோஸ் ரோமப் பேரரசர் அல்ல, வெறும் ‘கிரேக்கர்களின் பேரரசர்’. அரண்மனையே கொதித்தது, அதன் சூட்டையும் தாங்கியவர் இவர்தான்.

அக்டோபரில் புறப்படும்போது, வாங்கி வைத்திருந்த ஊதாப் பட்டுகள் ஐந்தைப் பறித்துக்கொண்டார்கள். அவர் சும்மா இருப்பாரா? ஓட்டோவுக்கு எழுதிய அறிக்கையில் நிக்கெபோரோஸைக் குள்ளன், பெருந்தலையன், அகழெலிக் கண்ணன் என்று வசைபாடித் தள்ளிவிட்டார். படிக்கச் சுவையோ சுவை. ஆனால் முழுதும் நம்பாதீர்கள் என்பேன். வெறுங்கையோடு திரும்பும் தூதன் எஜமானுக்குக் காரணம் சொல்ல வேண்டுமே. பாரி முற்றுகையே பாதிக் காரணம் என்று ஓட்டோவிடமே எப்படிச் சொல்வார்? எதிராளியின் தலையைப் பெரிதாக்கிக் காட்டுவதுதான் பாதுகாப்பு.

அடுத்த ஆண்டு டிசம்பரில் நிக்கெபோரோஸை அரண்மனையிலேயே கொன்றுவிட்டு ஜான் சிமிஸ்கெஸ் அரியணை ஏறினார். அவருக்கு மேற்கோடு சமாதானம் தேவைப்பட்டது. தம் உறவுப் பெண் தியோபானோவை அனுப்பினார். 972 ஏப்ரலில் ரோமில் திருமணம். இவள் அரண்மனையில் பிறந்த இளவரசி அல்லவே, திருப்பி அனுப்பலாம் என்று ஓட்டோவின் அவையில் சிலர் முணுமுணுத்தார்கள். கிழவர் ஓட்டோ கேட்கவில்லை. பிற்காலத்தில் கணவர் இறந்தபின், சிறுவனான மகனுக்காக ஆட்சியை நடத்தியவர் அந்தத் தியோபானோதான்.