ஆறு அடுக்குக்குள் ஒரு லிட்டர் பால்

வணக்கம் நண்பர்களே! மேசையில் என்ன கிடக்கிறது பாருங்கள். ஃபிரிட்ஜில் வைக்காமலே மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் பால் வருமே, அந்த அட்டைப்பெட்டிதான். கழுவி, கத்தரியால் வெட்டி, தண்ணீரில் ஊறப் போட்டிருந்தேன். நன்றாக ஊறியதும் ஓரத்தை நகத்தால் நெருடினால், இதோ, பிரிகிறது. வெளியே அட்டை, உள்ளே வெள்ளி மாதிரி மின்னும் தாள்.

கண்ணுக்கு இரண்டாகத் தெரிந்தாலும் இதில் மொத்தம் ஆறு அடுக்கு இருக்கிறது. வெளி ஈரம் உள்ளே இறங்காமல் இருக்க மேலே மெல்லிய பாலிதீன் பூச்சு. அதற்குக் கீழே அச்சடித்த அட்டை, பெட்டி நிமிர்ந்து நிற்பது அதனால்தான். அடுத்தது மறுபடியும் பாலிதீன், இது அட்டையையும் அலுமினியத்தையும் ஒட்டிப் பிடிப்பதற்கு. பிறகு அலுமினியம். அதற்கும் உள்ளே இரண்டு பாலிதீன் அடுக்குகள். பாலைத் தொடுவது கடைசி அடுக்கு மட்டும்தான். எடைக் கணக்கில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு அட்டை, அலுமினியம் சுமார் 5 சதவீதம். அந்த அலுமினியத்தின் தடிமன் ஏறக்குறைய 6 மைக்ரான், ஒரு தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கூட வராது.

இதை ஏன் பிரித்துக் காட்டுகிறேன் என்றால், உணவைக் கட்டி வைக்கும் பொருட்களின் கதை முழுவதும் இந்தத் துண்டுக்குள் இருக்கிறது. முன்பு ஒரே பொருள் எல்லா வேலையையும் செய்தது. அப்புறம் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மெல்லிய அடுக்கு என்று வந்தோம். இப்போது அந்த அடுக்குகளைத் திரும்பப் பிரிக்க முடியாமல் திண்டாடுகிறோம்.

சரி, முதலில் பாலுக்கு எதிரிகள் யார் யார்? கிருமி என்று எல்லோரும் சொல்வோம், சரிதான். காற்றில் இருக்கும் ஆக்சிஜன் இன்னொன்று. பக்கத்தில் வைத்த பொருளின் வாடையையும் பால் பிடித்துக்கொள்ளும். ஆனால் பலரும் கவனிக்காத எதிரி வெளிச்சம். பாலில் ரைபோஃபிளேவின், அதாவது பி2 வைட்டமின், நிறைய உண்டு. நீல, ஊதா நிற ஒளி பட்டால் அதை இழுத்துக்கொண்டு, அந்த ஆற்றலை ஆக்சிஜனுக்குக் கடத்திவிடும். தூண்டப்பட்ட ஆக்சிஜன் கொழுப்பையும் புரதத்தையும் தாக்கத் தொடங்கும். விளைவு, கருகிய மாதிரியோ நனைந்த அட்டை மாதிரியோ ஒரு வாடை. பால் திரிந்திருக்காது, கிருமியும் பெருகியிருக்காது, ஆனாலும் ருசி போய்விடும். கூடவே அந்த வைட்டமினும் குறையும். இதற்கு வெயில்தான் வேண்டும் என்றில்லை, கடை அலமாரியின் குழல் விளக்கே போதும்.

இப்போது கண்ணாடி பாட்டிலை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் ஹார்வி தாட்சர் என்பவர் 1880-களில் பாலுக்கென்றே கண்ணாடி பாட்டிலைக் கொண்டுவந்தார். திறந்த கேனிலிருந்து கரண்டியால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்த காலம் அது. தூசியும் ஈயும் அதில் விழாமல் போகுமா? மூடிய பாட்டில் வந்தது பெரிய முன்னேற்றம். கண்ணாடி எதோடும் வினை புரியாது, வாடையை உள்ளே விடாது, ஆக்சிஜனையும் விடாது. கழுவித் திரும்பத் திரும்ப நிரப்பலாம். ஒரு பொருளிடம் இவ்வளவு நல்ல குணங்கள் சேர்ந்து அமைவது அபூர்வம். ஆனால் தெளிந்த கண்ணாடி வெளிச்சத்தை அப்படியே உள்ளே அனுப்பும். எடையும் அதிகம், உடையவும் செய்யும். கண்ணாடி மட்டுமே சுத்தம், மற்றதெல்லாம் மோசம் என்று சொல்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. பக்கத்திலேயே நிரப்பி, பக்கத்திலேயே விற்று, பாட்டில் திரும்பி வந்தால் அதை மிஞ்ச ஆளில்லை. வெகுதூரம் லாரியில் போய், ஒரே முறை பயன்பட்டுக் குப்பைக்குப் போனால் அந்தக் கனமே அதற்கு எதிரி.

கண்ணாடிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பிரான்சில் நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்க்காரர் உணவைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து, தக்கையால் இறுக மூடி, கொதிநீரில் வைத்தால் கெடுவதில்லை என்று பல வருட முயற்சியில் கண்டார். 1810-ல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 ஃபிராங்க் பரிசு கொடுத்தது. ஏன் கெடவில்லை என்று அவருக்கே தெரியாது. நுண்ணுயிர்கள்தான் காரணம் என்று லூயி பாஸ்டர் விளக்கியது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து. காரணம் தெரியாமலே வழியை மட்டும் விடாமல் தேடிப் பிடித்த மனிதர் என்பதால் எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

அதே 1810-ல் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் தகர டப்பாவுக்குக் காப்புரிமை வாங்கினார். உடையாது, வெளிச்சம் புகாது, காற்றும் புகாது. ஆனால் உள்ளே இருந்த இரும்பைக் காக்க வெள்ளீயப் பூச்சு தேவைப்பட்டது, ஓரங்களைப் பற்றவைக்க ஈயம் கலந்த பற்றாசு தேவைப்பட்டது. அந்த ஈயம் உணவில் இறங்கும். இந்தப் பற்றாசு டப்பாக்கள் புழக்கத்திலிருந்து போக எவ்வளவு காலம் ஆனது தெரியுமா? அமெரிக்காவில் உணவு டப்பாக்களுக்கு முழுத் தடை வந்ததே 1995-ல்தான். இரும்பு உணவைத் தொடாமல் இருக்க உள்ளே பூசிய எபாக்சி என்ற பிசின் பூச்சில் பிஸ்ஃபீனால் ஏ என்ற வேதிப்பொருள் இருந்தது. அதற்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது 2024 டிசம்பரில். டப்பாவின் பலவீனம் எப்போதுமே உலோகத்தில் இருந்ததில்லை, உலோகத்துக்கும் உணவுக்கும் நடுவில் வைத்த அந்த மெல்லிய பொருளில்தான் இருந்தது. உறையைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் நான் முதலில் கேட்பது, உணவைத் தொடுகிற அடுக்கு எது என்பதைத்தான்.

காகிதத்துக்கு வருவோம். 1915-ல் அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் ஜான் வான் வோர்மர் என்பவர் கூரை வடிவ அட்டைப்பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். நனையாமல் இருக்க உருக்கிய மெழுகில் தோய்த்தார்கள். கண்ணாடியோடு ஒப்பிட்டால் பஞ்சு மாதிரி எடை, ஒளியும் குறைவாகவே புகும். ஆனால் மெழுகு சில சமயம் பொடிப்பொடியாக உதிர்ந்து பாலில் மிதக்கும். அட்டை இதற்குச் சரியான பொருள்தான், பூச்சுதான் சரியில்லை.

சரியான பூச்சு கிடைத்த கதை சுவாரசியமானது. 1933 மார்ச்சில் இங்கிலாந்தில் ஐசிஐ என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆய்வகத்தில் எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன் என்ற இருவர் எத்திலீன் வாயுவை மிகப் பெரிய அழுத்தத்தில் வேறொரு பொருளோடு சேர்த்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்தது நடக்கவில்லை. பாத்திரத்தின் சுவரில் மெழுகு போல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது, அதுதான் பாலிதீன். மறுபடி செய்தால் சில நேரம் வரும், சில நேரம் வராது. எத்திலீனோடு துளி ஆக்சிஜன் சேர்ந்தால்தான் வினை தொடங்குகிறது என்பது பிறகுதான் புரிந்தது. கசிவு வழியாகத் தற்செயலாக உள்ளே போன ஆக்சிஜன் செய்த வேலை அது.

உணவுக்குப் பாலிதீன் செய்த பெரிய உதவி தண்ணீரைத் தடுப்பது மட்டுமல்ல. ஏறக்குறைய 110 டிகிரி சூட்டிலேயே உருகி, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். பசையும் வேண்டாம், ஈயமும் வேண்டாம், தக்கையும் வேண்டாம். சூடு காட்டி அழுத்தினால் சீல் ஆகிவிடும். கையில் எடுக்கிற எந்தப் பாக்கெட்டின் ஓரத்தையும் பாருங்கள், வரிவரியாக அழுத்திய தடம் இருக்கும். அங்கே நடந்தது இதுதான்.

இந்தக் குணம் இல்லாமல் ஸ்வீடன்காரர்களின் பெட்டி வந்திருக்காது. 1944-ல் லுண்ட் நகரத்தில் ரூபன் ரௌசிங்கின் நிறுவனத்தில் வேலை பார்த்த எரிக் வாலன்பெர்க், ஒரு காகிதக் குழாயை மாற்றி மாற்றி எதிரெதிர்த் திசையில் அழுத்தினால் நான்கு முக்கோணப் பக்கமுள்ள பெட்டி கிடைக்கும் என்று கண்டார். துண்டு விழுந்து வீணாகும் காகிதம் மிகக் குறைவு. ஆனால் நிரப்பும்போது மேலே காற்று தங்கினால் பால் கெடும். குழாயில் பால் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பாலுக்குக் கீழே அழுத்திச் சீல் வைத்தால் என்ன என்ற யோசனையை ரௌசிங்கின் மனைவி எலிசபெத் சொன்னதாக அந்த நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது. அப்படிச் செய்தால் காற்று நுழைய இடமே இல்லை. இந்தப் பெட்டியைச் செய்ய டெட்ரா பேக் என்ற பெயரில் 1951-ல் தனி நிறுவனம் வந்தது, அடுத்த வருடம் லுண்டில் முதல் இயந்திரம் 100 மில்லி கிரீம் பெட்டிகளை நிரப்பியது.

1961-ல் இன்னொரு படி ஏறினார்கள். பாலைச் சில விநாடிகள் மட்டும் 135 டிகிரிக்கு மேல் சூடாக்கி உடனே குளிர்விக்கிறார்கள். அதே நேரம் பெட்டிக்கான தாளை ஹைட்ரஜன் பெராக்சைடால் கிருமி நீக்குகிறார்கள். இரண்டும் கிருமி இல்லாத இடத்தில் சந்திக்கின்றன. அப்பேர் உணவையும் பாட்டிலையும் சேர்த்து வேகவைத்தார், இங்கே இரண்டையும் தனித்தனியே சுத்தம் செய்து பிறகு சேர்க்கிறார்கள். அதனால் பாலின் ருசி அவ்வளவாக மாறுவதில்லை. குளிர்பதன வசதி எட்டாத இடத்துக்கும் பால் போய்ச் சேர்ந்தது இதனால்தான். ஒரு குழந்தைக்குப் பாதுகாப்பான பால் கிடைப்பதைவிடப் பெரிய விஷயம் இந்தத் துறையில் இல்லை என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் பாலிதீனுக்கு ஒரு குறை. தண்ணீரை நிறுத்தும், ஆக்சிஜனை நிறுத்தாது. அது மெதுவாகக் கசிந்து உள்ளே வரும். அதனால்தான் மாதக்கணக்கில் வைக்கும் பாலுக்கு நடுவில் அந்த அலுமினியம் வேண்டியிருக்கிறது, காற்று, வெளிச்சம் இரண்டையும் அதுவே மறிக்கும். சில நாளில் தீர்ந்துவிடும் பாலுக்கு அது தேவையில்லை. சாதாரண பால் பாக்கெட் வெறும் பாலிதீன்தான், ஒரு லிட்டருக்கு உறை சில கிராம் மட்டுமே. சில பாக்கெட்டுகளின் உள்பக்கம் கறுப்பாக இருக்கும், கவனித்திருப்பீர்கள். ஒளியைத் தடுக்கச் சேர்க்கும் கரி அடுக்கு அது, அழுக்கு என்று பயப்பட வேண்டாம்.

இந்த அடுக்கு வித்தை பாலோடு நிற்கவில்லை. வறுவல் பாக்கெட்டின் உள்ளே பளபளப்பது அலுமினிய ஆவி படிந்த பிளாஸ்டிக் படலம், ஊதி அடைத்திருப்பது நைட்ரஜன். இறைச்சி, பாலாடைக்கட்டி உறைகளில் இ.வி.ஓ.எச். என்ற பிளாஸ்டிக் இருக்கும். ஆக்சிஜனை மறிப்பதில் கெட்டிக்காரன், ஆனால் ஈரம் பட்டால் அந்தத் திறமை குறைந்துவிடும். அதனால் இரண்டு பக்கமும் பாலிதீன் போட்டுக் காக்கிறார்கள்.

இப்போது குப்பைத்தொட்டிப் பக்கம் வாருங்கள். கண்ணாடியை உருக்கினால் கண்ணாடி. அலுமினிய கேனை உருக்கினால் மறுபடி கேன், தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதைவிட 95 சதவீதம் வரை ஆற்றல் மிச்சம். ஆனால் ஒட்டிய அடுக்குகளை என்ன செய்வது? பால் பெட்டி பரவாயில்லை. ஆலையில் பெரிய தொட்டியில் தண்ணீரோடு கலக்கினால் அட்டை நார் கூழாகப் பிரிந்து புதுக் காகிதமாகும். பாலிதீனும் அலுமினியமும் ஒட்டியபடியே மிஞ்சும், அதை அழுத்திப் பலகை, கூரைத் தகடு என்று செய்கிறார்கள். இது நடக்க அந்த ஆலை வேண்டும், பெட்டி அங்கே போய்ச் சேர வேண்டும். சின்ன நொறுக்குத்தீனி உறைக்கோ இந்த வழியும் இல்லை. எடை குறைவு, அடுக்கு அதிகம், பொறுக்குபவருக்கு அதில் காசு வராது. தெருவோரத்தில் அதிகம் கிடப்பது இந்த வகை உறைகள் என்பதற்கு மக்களின் பொறுப்பின்மையை மட்டும் காரணம் சொல்வது நியாயமில்லை. வடிவமைக்கும்போதே அதைத் திரும்ப எடுக்க வழி வைக்கவில்லை.

அதனால்தான் இப்போது துறையே ஒற்றைப் பொருள் பக்கம் திரும்புகிறது. பாலிதீனையே இழுத்து இறுக்கி விறைப்பாக்கி, அதன் மேல் கண்ணாடிக்கு மூலமான சிலிக்காவைச் சில பத்து நானோமீட்டர் அளவுக்குப் படியவைத்தால் ஆக்சிஜன் கசிவு வெகுவாகக் குறையும். உருக்கும்போது கிட்டத்தட்ட முழுவதும் பாலிதீன்தான். பெட்டிகளிலும் அலுமினியத்துக்குப் பதில் வேறு தடுப்பு அடுக்குகள் வந்துகொண்டிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சட்டம் 2030-க்குள் எல்லா உறைகளும் மறுசுழற்சிக்கு ஏற்றபடி இருக்க வேண்டும் என்கிறது. 2024 ஜூலையிலிருந்து அங்கே பானம் அடைத்த பிளாஸ்டிக் பாட்டில், அட்டைப்பெட்டிகளின் பிளாஸ்டிக் மூடி கழன்று விழாமல் கூடவே தொங்க வேண்டும் என்பதும் விதி. சின்ன மாற்றம்தான், ஆனால் தனியாகத் தொலையும் மூடிகள் குறையும். எனக்கு மிகவும் பிடித்த விதி அது.

'மக்கும் பிளாஸ்டிக்' என்று எழுதியிருந்தால் மட்டும் கொஞ்சம் நின்று யோசியுங்கள். சோளம் போன்ற பயிரிலிருந்து செய்யும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக், ஆலை உரக்குழியின் சூட்டில், அதாவது 60 டிகிரிக்குப் பக்கத்தில்தான் ஒழுங்காக மக்கும். தோட்டத்து மண்ணிலோ கடலிலோ போட்டால் வெகுகாலம் அப்படியே கிடக்கும். சாதாரண பிளாஸ்டிக்கோடு கலந்தால் அதன் மறுசுழற்சியும் கெடும்.

நான் ஆசையோடு கவனித்துக்கொண்டிருப்பது வேறொன்று. 2016-ல் அமெரிக்க வேளாண்மைத் துறை ஆய்வாளர்கள் பாலில் இருக்கும் கேசீன் புரதத்திலிருந்து சாப்பிடக்கூடிய படலம் செய்து காட்டினார்கள். ஆக்சிஜனைத் தடுப்பதில் பாலிதீனைவிடப் பல மடங்கு மேல். ஆனால் தண்ணீர் பட்டால் கரையும், கையால் தொட்ட உறையை அப்படியே வாயில் போடவும் முடியாது. ஆக அதற்கு வெளியே இன்னொரு உறை போட வேண்டும், அது எந்தப் பொருளில் என்ற கேள்விதான் பாக்கி.

சரி நண்பர்களே, உங்கள் பக்கம் பால் பெட்டியைத் தனியாக வாங்கும் இடம் இருந்தால், லேசாக அலசி, தட்டையாக மடித்துக் கொடுங்கள். உள்ளே பால் காய்ந்து ஒட்டியிருந்தால் நாற்றம் எடுத்து மற்ற காகிதத்தையும் கெடுக்கும். அடுத்த வீடியோவில் இதே மாதிரி ஒரு டப்பாவை வெட்டி, உள்பூச்சை மட்டும் பார்ப்போம். வணக்கம்!