2032இல் விண்கல் விழுமா? மருதமுனைத் தங்கச்சியின் கேள்விக்கு விளக்கம்

சரி, போன கிழமை நான் கொடுத்த செய்தி இணைப்புகளைப் படித்துவிட்டு மருதமுனையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. 2032 டிசம்பர் 22ஆம் திகதி விண்கல் விழும், தெற்காசியாவும் அந்தப் பாதையில்தான் இருக்கு என்று வாட்ஸ்அப்பில் வந்ததாம். நான் கொடுத்த செய்தியிலோ ஆபத்து இல்லை என்று இருக்கு. மோதும் வாய்ப்பை முதலில் கூட்டிச் சொல்லிவிட்டு அப்புறம் குறைத்தது எதையோ மறைக்கத்தானா, உம்மா டிசம்பர் என்றாலே பயப்படுறா என்கிறா.

உம்மாவின் பயம் நியாயமானது, தங்கச்சி. 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று அந்தக் கிழக்குக் கரையில் இருந்த எவருக்கும் இப்படியொரு செய்தி வந்தால் நெஞ்சு பதறத்தான் செய்யும். ஆனால் இதில் மறைப்பு ஒன்றும் இல்லை.

அந்தக் கல்லின் பெயர் 2024 வைஆர்4. 2024 டிசம்பர் 27ஆம் திகதி சிலியில் உள்ள ஒரு தொலைநோக்கி கண்டுபிடித்தது. ஏறக்குறைய 60 மீற்றர் அகலம், அதாவது விழுந்தால் ஒரு நகரத்துக்குப் பெரிய சேதம், உலகம் அழியாது. 2025 பெப்ரவரி 18இல் மோதும் வாய்ப்பு 3.1 வீதம் என்றார்கள், அதே மாதம் 24ஆம் திகதி அது 0.004 வீதம். ஆறே நாளில் இப்படி இறங்கினால் யாருக்கும் சந்தேகம் வரும்தானே. மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் நின்று வாவியில் தூரத்தே வரும் தோணியைப் பாருங்கள். முதலில் அது பாலத்தின் எந்தக் கண்ணுக்குள், அதாவது எந்த இரண்டு தூண்களுக்கு இடையில், நுழையும் என்று சொல்ல முடியாது, கிட்ட வர வர ஒரு பக்கத்துக் கண்கள் ஒவ்வொன்றாகக் கழிந்துபோகும், நீங்கள் நிற்கும் இடத்துக் கண் இன்னும் கழியாததால் அதற்கான வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும், கடைசியில் தோணி பக்கத்துக் கண்ணுக்குத் திரும்புகிறது என்று தெரிந்ததும் ஒரேயடியாக இல்லாமல் போகும். கல்லின் பாதையை அளக்க அளக்க இங்கே நடந்ததும் அதுதான். 3.1 என்பதும் பொய்யில்லை, அன்றைக்குக் கையில் இருந்த அளவீடுகளுக்கு அது சரியான கணக்கு.

உங்களுக்கு வந்த செய்தி அந்தப் பெப்ரவரி நடுப்பகுதிச் செய்தி. அதைத் திகதியை வெட்டிவிட்டு இப்போது அனுப்புகிறார்கள், எனக்குக் கோபம் வருவது அதில்தான். கடலைப் பற்றியும் இப்படி ஏதாவது வந்தால் முதலில் திகதியைப் பாருங்கள், இல்லாவிட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்துக் கேளுங்கள். 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் நில அதிர்வு வந்தபோது எச்சரிக்கை கிடைத்து நம் கரையோரச் சனம் விலகியது, பெரிய அலை வரவில்லை. அப்படி வரும் எச்சரிக்கையைச் சனம் நம்பவேண்டும், அதற்காகவாவது பழைய செய்தியைப் பரப்பாதீர்கள்.

அப்புறம் 2025 பெப்ரவரி 9 நாடு முழுக்கக் கரண்ட் போனதற்குக் குரங்குதான் காரணமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பட்டது என்று அமைச்சரே சொன்னார். ஆனால் ஒரு குரங்கால் முழு நாடும் இருண்டதற்குக் காரணம் வேறு. அன்று ஞாயிறு, பாவனை குறைவு, சூரிய மின்சாரம் அதிகம், அதிர்ச்சியைத் தாங்கும், மின்நிலையங்களின் பெரிய சுழலும் இயந்திரங்கள் போதிய அளவு ஓடவில்லை.

ஸ்டார்லிங்க் என்ற செய்மதி இணையச் சேவையைப் பற்றிக் கேட்ட அக்கரைப்பற்றுத் தம்பிக்கு: அதன் செய்மதிகள் சுமார் 550 கிலோமீற்றர் உயரத்தில்தான் சுற்றுகின்றன, பழைய வகை இணையச் செய்மதிகள் 35,786 கிலோமீற்றரில். அதனால் சமிக்ஞை போய்வரும் தாமதம் குறைவு. ஆனால் வீட்டில் பொருத்தும் அலைவாங்கித் தட்டுக்கு வானம் திறந்து தெரியவேண்டும், வளவில் தென்னைகள் நெருக்கமாக நின்றால் இணைப்பு விட்டுவிட்டுத்தான் வரும். காசு கட்டுமுன் கூரையில் ஏறி அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.