நுவரெலியா போனா ஏரியோட திரும்பிடாதீங்க, இந்தத் தோட்டத்தையும் பாருங்க!

வணக்கம் மக்களே! நான் இப்போ இலங்கையில, நுவரெலியாவுல நிக்கிறேன். காலைல ஏழு மணி. பேசப் பேச வாயிலிருந்து ஆவி வருது, கேமராவுல தெரியுதா? நேத்து மத்தியானம் கண்டியில சட்டையெல்லாம் வேர்வை. ரம்பொடை தாண்டி பஸ் மேல ஏற ஏற, ஒவ்வொருத்தரா ஜன்னலைச் சாத்த ஆரம்பிச்சுட்டாங்க.

இந்த ஊரு பூமத்திய ரேகைக்கு ஏழு டிகிரி வடக்கதான் இருக்கு. அப்புறம் எப்படி இவ்ளோ குளிர்? எல்லாம் உயரம்தான், 1,868 மீட்டர். ஆயிரம் மீட்டர் மேல போனா சுமாரா ஆறரை டிகிரி குறையும். கொழும்புல 28 டிகிரி அடிச்சா இங்க 16 கிட்ட நிக்கும். இந்த ஊரு சாப்பிடுறதே அந்தக் குளிரை வெச்சுத்தான்.

கிரிகரி ஏரி, செங்கல் கலர் போஸ்ட் ஆபீஸ், ஏப்ரல் மாசத்து குதிரைப் பந்தயம் எல்லாம் நீங்க நிறைய வீடியோவுல பார்த்திருப்பீங்க. அழகான இடங்கதான், கண்டிப்பா போங்க. ஆனா வர்றவங்க பாதிப் பேரு ஏரியில ஒரு போட்டிங், ஒரு ஸ்ட்ராபெரி ஜூஸ், அதோட கிளம்பிடுறாங்க. இந்த மலைச்சரிவுல என்ன நடக்குதுன்னு பார்க்கிறதே இல்ல. எனக்கு அது மனசு கேக்கல. அதான் இன்னைக்கு முழுக்கக் காய்கறித் தோட்டம்.

இதோ, இதுதான் லீக்ஸ் பாத்தி. நம்ம ஊர்ல வெங்காயத் தாள் பார்த்திருப்பீங்க, அதோட பெரிய அண்ணன்னு வெச்சுக்கோங்க. கிட்ட காட்டுறேன். இந்த அக்கா மம்பட்டியால என்ன பண்றாங்கன்னு பாருங்க. ரெண்டு பக்கத்து மண்ணையும் இழுத்து, செடியோட கழுத்து வரைக்கும் அணைக்கிறாங்க. மண்ணுக்குள்ள இருக்கிற தண்டுக்கு வெயில் படாது, அதனால வெள்ளையாவே நீளும். செடி வளர வளர மறுபடியும் மண் அணைக்கணும். இடுப்பை வளைச்சுக்கிட்டே செய்ற வேலை.

"எத்தன மாசம் அக்கா, வெட்டுறதுக்கு?"ன்னு கேட்டேன். "நாலு அஞ்சு மாசம் போகும் தம்பி. மழை நல்லபடியா இருக்கணும்"னு சொன்னாங்க. அப்புறம் அவங்களே ஒண்ணைப் பிடுங்கி, மண்ணை உதறிட்டு கையில குடுத்தாங்க. என்ன வாசனை தெரியுமா! இங்க பச்சை இலையையும் வீணாக்க மாட்டாங்க. பொடியா நறுக்கி, உருளைக்கிழங்கோட தாளிச்சு சோத்துக்கு வெச்சுக்குவாங்க.

இந்த ஊரு விவசாயக் கதையை 1848ல இருந்து சொல்லுவாங்க. சாமுவேல் பேக்கர்னு ஒரு வெள்ளைக்காரர், பின்னாடி ஆப்பிரிக்காவுல நைல் நதியோட மூலத்தைத் தேடிப் போனவர். அவருதான் இங்கிலாந்துல இருந்து மாடு, விதை, ஆளுங்கன்னு கப்பல்ல கொண்டு வந்து இங்க பண்ணை போட்டாரு. சரி. ஆனா காட்டை வெட்டி, தேயிலை நட்டு, இந்த மலையையே சம்பாதிக்கிற மலையா மாத்தினதுல பெரும்பங்கு யாரோடது? திருச்சி, மதுரை, சேலம் பக்கத்துல இருந்து வந்த நம்ம சனங்களோடது. 1948ல சுதந்திரம் கிடைச்ச அதே வருஷம் வந்த சட்டத்தால இவங்கள்ல லட்சக்கணக்கான பேருக்குக் குடியுரிமையே இல்லாம போச்சு. அதைத் திரும்ப வாங்க எத்தனை வருஷம் ஆச்சுன்னு இங்க வயசானவங்ககிட்ட உக்காந்து கேளுங்க, தொண்டை அடைச்சுக்கும்.

இப்பவும் லயத்துக்கு, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளிங்க குடியிருக்கிற வரிசை வீடுகளுக்குப் பக்கத்துல, துண்டு நிலம் கிடைச்சா போதும், பாத்தி கட்டிடுறாங்க. காலைல கொழுந்து பறிச்சுட்டு வந்து, சாயங்காலம் கேரட்டுக்கு களை எடுக்கிற குடும்பம் நிறைய. அந்த உழைப்பை நேர்ல பார்க்கும்போது எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு, அதே அளவு வருத்தமாவும் இருக்கு.

2021ல அரசாங்கம் ரசாயன உரம் இறக்குமதியை ஒரேயடியா நிறுத்துச்சே, ஞாபகம் இருக்கா? ஏப்ரல் கடைசியில முடிவு பண்ணி, நவம்பர்ல அந்த முடிவை வாபஸ் வாங்கிட்டாங்க. அதுக்குள்ள தேயிலை, காய்கறி ரெண்டுமே அடி வாங்கிடுச்சு. இயற்கை விவசாயம் எனக்கும் பிடிக்கும். ஆனா மண்ணைப் பழக்குறதுக்கு வருஷக்கணக்கு வேணும். அதை ஒரே போகத்துல செய்யச் சொன்னா, பாத்தியில நிக்கிறவங்கதானே நஷ்டப்படுவாங்க?

மண்ணுன்னு சொன்னதும் இதையும் காட்டிடுறேன். சரிவு எவ்ளோ செங்குத்தா இருக்கு பாருங்க. பாத்தியைக் குறுக்கே போட்டு, ஓரத்துல தண்ணி வடியக் கானும் வெட்டியிருக்காங்க. இதைச் சரியா செய்யலேன்னா ஒரு பெருமழையில மேல்மண் மொத்தமும் ஓடைக்குப் போயிடும்.

அடுத்து கேரட் கழுவுற இடம். பெரிய கூண்டுக்குள்ள கொட்டிச் சுத்த விடுறாங்க, தண்ணி அடிச்சுக்கிட்டே இருக்கு. உள்ள போறது சேத்து உருண்டை, வெளிய வர்றது பளீர்னு ஆரஞ்சு. எவ்ளோ நேரம் வேணும்னாலும் நின்னு பார்க்கலாம். இங்கிருந்து மூட்டை கட்டி லொறியில ஏத்தி கொழும்புக்கு அனுப்பிடுவாங்க.

நீங்க வர்றதா இருந்தா, ஏப்ரல் சீசன்ல ரூம் வாடகை எகிறும், கூட்டமும் ஜாஸ்தி. ஜனவரி, பிப்ரவரியில சில நாள் விடியக்காலை புல்லு மேல உறைபனி படிஞ்சிருக்கும், ஸ்வெட்டர் கட்டாயம். ரோட்டோரம் காய் விக்கிறவங்ககிட்ட பேரம் பேசாம ஒரு கட்டு வாங்குங்க. தோட்டத்துக்குள்ள போறதுன்னா கேட்டுட்டுப் போங்க, பாத்தியை மிதிச்சுடாதீங்க.

நாளைக்கு ஹக்கல பூங்கா. 1861ல மலேரியா மருந்துக்கு சின்கோனா மரம் வளர்க்க ஆரம்பிச்ச தோட்டம் அது. போற வழியில சீதா எலியவுல சீதையம்மன் கோயிலும் இருக்கு, ரெண்டும் ஒரே ரோட்டுலதான். அந்த வீடியோவுல சந்திப்போம், வரட்டா?