பிளம்ஸ் கொட்டையும் பரணில் இருக்கும் பாட்டிலும்

வணக்கம் நண்பர்களே, வேலூரிலிருந்து பேசுகிறேன். குடியாத்தத்தில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கொரியாவில் வேலை பார்க்கும் தம்பி, பச்சை பிளம்ஸ் ஊறவைத்த மது கொண்டுவந்திருக்கிறாராம். "ரசாயனமே கிடையாது, வீட்டிலேயே போட்டது, செரிமானத்துக்கு நல்லது" என்று மாமனாருக்குத் தினமும் இரவில் கொஞ்சம் கொடுக்கிறார்களாம்.

வேண்டாம் அம்மா, நிறுத்திவிடுங்கள். ஏன் என்று காட்டுகிறேன்.

இது நேதாஜி மார்க்கெட்டில் வாங்கிய பிளம்ஸ். கொட்டையைப் பாக்குவெட்டியில் வைத்து உடைக்கிறேன். உள்ளே வெள்ளைப் பருப்பு. நசுக்கினால் கசப்பு வாதுமை வாடை குப்பென்று அடிக்கிறது. பருப்பில் உள்ள அமிக்டலின் உடையும்போது வரும் வாடை இது. கூடவே சயனைடும் வெளிப்படுகிறது. மதுவில் ஊறும்போது அந்தச் சயனைடு சயனேட்டாகி, மதுவின் ஆல்கஹாலான எத்தனாலோடு சேர்ந்து எத்தில் கார்பமேட் என்ற பொருளாகிவிடுகிறது. யாரும் கலக்கவில்லை, தானாகவே உண்டாகிறது. ஆய்வுக்கூட எலிகளுக்கு நுரையீரலிலும் கல்லீரலிலும் கட்டிகளை வரவழைத்த பொருள் இது. மனிதருக்கும் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு அதிகம் என்ற 2ஏ பிரிவில், சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் இதைச் சேர்த்தது.

கொட்டையே இல்லாத திராட்சை ஒயினிலும், அரிசி மதுவிலும் இது வருகிறது. அங்கே வழி வேறு. ஈஸ்ட், அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தை உடைத்து யூரியாவை வெளியே விடுகிறது. ஆமாம், நம் விவசாயிகள் நெல்லுக்குப் போடும் அதே யூரியாதான். அது எத்தனாலோடு மெல்ல மெல்லச் சேர்கிறது. கனடா 1985-லேயே சாதாரண ஒயினுக்கு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்துவிட்டது. பழங்களிலிருந்து வடிக்கும் பிராந்திக்கு 400.

வேலூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது சூட்டைத்தான். பாட்டிலை மூடி வைத்த பிறகும் இந்த வேதிவினை நிற்பதில்லை; வெப்பம் ஏற ஏற வேகம் பிடிக்கிறது. நம் ஊர்க் கத்திரி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே பரணில் கிடக்கும் பாட்டிலை நினைத்தாலே எனக்குப் பகீர் என்கிறது. "பழசாக ஆக நல்லது" என்ற பேச்சு இங்கே செல்லாது.

கொட்டையை எடுத்துவிட்டு ஊறவைத்துக் குளிர்ச்சியில் வைத்தால் அளவு குறையும், உண்மைதான். ஆனால் மதுவே 1988-இலிருந்து அதே முகமையின் முதல் பிரிவில் இருக்கிறது. அதாவது புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானது. எத்தில் கார்பமேட்டை முழுக்க நீக்கினாலும் அது மாறாது. மாமனாருக்குச் செரிமானக் குறை இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று, பாட்டிலின் அடியில் சுருங்கிக் கிடக்கும் அந்தப் பழங்களை இனிப்பு என்று பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அவையும் மதுவில் ஊறியவைதான்.