வழக்குப் போட்ட மாணவி, 1,707 வெற்றி பெற்ற கோச்

(திரையில்: பனி மூடிய மைதானம்)

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் சாஃப்ட்பால் ஹெட் கோச்சாக இருப்பது எப்படிப்பட்ட வேலை? பொதுவாகப் பேசினால் உங்களுக்குத் தூக்கம் வந்துவிடும், அதனால் ஒரே ஒருவரைப் பிடித்துக்கொள்கிறேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கேரல் ஹட்சின்ஸ். அங்கே எல்லோருக்கும் அவர் 'ஹட்ச்'.

முதலில் ஆட்டம். பேஸ்பாலுக்குத் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்: மைதானம் சின்னது, பந்து பெரியது, ஏழு இன்னிங்ஸ். பெயரில்தான் சாஃப்ட். பிட்ச்சர், அதாவது பந்து வீசுகிறவர், கையை ஒரு முழுச் சுற்று சுற்றி, இடுப்புக்குக் கீழிருந்து பந்தை விடுகிறார், அதுவும் 43 அடியிலிருந்து. கிரிக்கெட்டில் ஸ்டம்ப்புக்கு ஸ்டம்ப் 66 அடி. பேட்டருக்கு யோசிக்க எவ்வளவு நேரம் இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

(திரையில்: மிச்சிகன் மாநில வரைபடம்)

சரி, ஹட்சுக்கு வருவோம். 1970களின் பின்பாதியில் அவர் படித்தது மிச்சிகன் ஸ்டேட்டில். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் அது வேறு பல்கலைக்கழகம், மிச்சிகனுக்குப் பரம எதிரி. அங்கே சாஃப்ட்பால், பாஸ்கெட்பால் இரண்டும் ஆடினார். 1976ல் தேசியப் பட்டம் வென்ற சாஃப்ட்பால் அணியிலும் இருந்தார். அதே கல்லூரியின் ஆண்கள் பாஸ்கெட்பால் அணியில் அப்போது, பின்னாளில் உலக நட்சத்திரமான மேஜிக் ஜான்சன்! வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் ஆண்கள் அறைக்கு இரண்டு பேர், பெண்கள் நான்கு பேர். சாப்பாட்டுப் படியும் பெண்களுக்குக் குறைவு. இத்தனைக்கும், அரசுப் பணம் வாங்கும் கல்வி நிறுவனங்களில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்கிற 'டைட்டில் நைன்' சட்டம் 1972லேயே வந்துவிட்டது. பெண்கள் பொறுத்துப் பார்த்தார்கள், அப்புறம் கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள். 1979 வழக்கில் முதல் பெயரே ஹட்சின்ஸ்தான். படிக்கிற கல்லூரி மேலேயே கேஸ் போட எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

1983ல் மிச்சிகனில் துணைக் கோச். 1985ல் ஹெட் கோச்.

வெளியிலிருந்து பார்த்தால், மூன்றாம் பேஸ் (ஓடுகிறவர் தொட வேண்டிய இடங்களில் மூன்றாவது) பக்கம் நின்று மூக்கையும் தொப்பியையும் தொட்டுத் தொட்டு சிக்னல் கொடுப்பதுதான் கோச் வேலை என்று தோன்றும். அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெரிய தலைவலி ஆள் எடுப்பது. பல ஆண்டுகளாக ஓர் அணிக்கு இருந்த வரம்பு 12 முழு ஸ்காலர்ஷிப், அணியிலோ இருபதுக்கும் மேல் பெண்கள். இவளுக்குப் பாதி, அவளுக்குக் கால் என்று பங்கு போட வேண்டியிருந்தது. 2018ல் வந்த விதிப்படி பதினொன்றாம் வகுப்பின் செப்டம்பர் 1 வரை, எடுக்க நினைக்கிற பிள்ளையோடு கோச் பேசவே கூடாது.

ஹட்சுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி, குளிர். சீசன் பிப்ரவரியில் தொடங்கும், அப்போது மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் நகரில் பனியில் தரையே தெரியாது. கூரைக்கு அடியில் பயிற்சி செய்துவிட்டு வாரக்கணக்கில் தெற்கே அலைந்து ஆட வேண்டும். கலிஃபோர்னியா, அரிசோனா அணிகள் வருடம் முழுக்க வெயிலில் ஆடுகிறவை. பட்டமும் பெரும்பாலும் அந்தப் பக்கமே போனது. 1982ல் தொடங்கிய இப்போதைய தேசியப் போட்டியை, 2005க்கு முன் மிசிசிப்பி நதிக்குக் கிழக்கே இருந்த ஓர் அணிகூட வென்றதில்லை.

(திரையில்: 2005, ஓக்லஹோமா சிட்டி)

தேசியப் பட்டத்துக்கான இறுதிச் சுற்று. எதிரே கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகம். முந்தைய இரண்டு ஆண்டும் பட்டம் அவர்களுக்குத்தான். மூன்று ஆட்டத்தில் ஆளுக்கு ஒன்று வென்றாயிற்று. கடைசி ஆட்டம் ஏழு இன்னிங்ஸில் முடியவில்லை, 1-1. பத்தாவது இன்னிங்ஸில் மிச்சிகனுக்கு பேஸில் இரண்டு பேர், பேட்டோடு நிற்பது முதலாம் ஆண்டு மாணவி சமந்தா ஃபிண்ட்லே. அடித்த பந்து வேலிக்கு வெளியே! பேஸில் இருந்த இருவரும் அவரும் சேர்த்து மூன்று ஓட்டம், 4-1.

அதற்குப் பிறகு ஹட்சுக்கு இன்னொரு தேசியப் பட்டம் அமையவில்லை. 38 சீசனில் ஒன்றுதானா என்று கேட்கலாம். எனக்கென்னவோ அதைவிடப் பெரிதாகப் படுவது, அந்த 38ல் ஒரு சீசனில்கூடத் தோல்வி வெற்றியை மிஞ்சவில்லை என்பது.

2022 ஆகஸ்டில் அவர் ஓய்வு பெற்றபோது மொத்த வெற்றி 1,707. கல்லூரி சாஃப்ட்பாலின் உச்ச மட்டமான முதல் பிரிவில் அதுவரை யாரும் அவ்வளவு வென்றதில்லை. அந்த நாற்காலிக்கு வெளியே ஆள் தேடவில்லை. ஹட்சிடம் ஆடி, 1994 முதல் அவருக்குத் துணைக் கோச்சாக இருந்த போனி தோல் வந்தார்.